பக்கத்தில் நிற்பவர் யார்?

டோக்கியோவின் யுரிகமொமே ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. 1995இல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே கணினிதான் அதை ஓட்டுகிறது. அதனால் முதல் பெட்டியின் முன்வரிசை இருக்கைகளுக்குக் குழந்தைகள் போட்டி போடுகிறார்கள். பெரியவர்களும் கூச்சப்படாமல் அந்தப் போட்டியில் சேர்ந்துகொள்கிறார்கள். ஷிம்பாஷியில் கிளம்பும் வண்டி, கடல்மேல் நிற்கும் பாலத்தின் உயரத்தை எட்ட ஒரு முழு வட்டம் அடித்து ஏறி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தின் மேலாகப் போகிறது. ஷிஜோ-மாயே நிறுத்தத்தில் மீன்சந்தைக்குப் போகிறவர்கள் இறங்குகிறார்கள். புகழ்பெற்ற ஸுகிஜி சந்தை 2018 அக்டோபரில் இங்கேதான் இடம் மாறி வந்தது. அடுத்த நிறுத்தம் ஷின்-தொயொசு. அங்கே இறங்குகிறவர்களில் பலர் வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் தேடி வந்ததும் மீனைத்தான், ஒளியால் ஆன மீனை.

ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது டீம்லேப் பிளானட்ஸ். 2018 ஜூலையில் சில ஆண்டுகளுக்கென்று திறந்த இந்தக் கூடம், கூட்டம் குறையாததால் நீட்டித்துக்கொண்டே போய், 2025 ஜனவரியில் இன்னும் விரிந்தது. வாசலில் காலணியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொள்ளவேண்டும். கோயிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதில் விநோதம் ஒன்றுமில்லை. இருண்ட சரிவொன்றில் தண்ணீர் பாதத்தை நனைத்தபடி இறங்கி வர, அதை எதிர்த்து ஏறிப் போனால் ஒவ்வொரு அறையாகத் திறக்கிறது. ஒன்றில் தரையே மெத்தையாகப் புதைகிறது. இன்னொன்றில் எல்இடி விளக்குச் சரங்கள் நாற்புறமும் மழைபோல் தொங்குகின்றன. இவற்றையெல்லாம் வேகமாகக் கடந்துவிடலாம். நிற்கவேண்டிய இடம் குளம்.

முழங்காலளவு நீர். ஒளி படியவேண்டும் என்பதற்காக அதைத் தெளிவில்லாமல் மங்கலாக வைத்திருக்கிறார்கள். சுவர்களில் கண்ணாடி இருப்பதால் கூடம் எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை. மேலேயிருந்து புரொஜெக்டர்கள் வீசும் ஒளியில் கோய் மீன்கள் நீர்ப்பரப்பில் நீந்துகின்றன, பின்னால் வண்ணக் கோடுகளை விட்டபடி. ஒரு மீன் காலை நோக்கி வருகிறது. மோதிய கணத்தில் அது பூவாகி, இதழ் இதழாகச் சிதறிப் பரவுகிறது. பருவத்துக்குப் பருவம் பூவும் மாறும். முன்கூட்டியே எடுத்துவைத்து ஓட்டும் படம் அல்ல இது. நீரில் நிற்பவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி நகர்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, அந்தந்த நொடியில் கணினி வரைந்துகொண்டே போகிறது. ஒருமுறை வந்த காட்சி மறுமுறை வராது.

முதலில் எல்லோரும் ஒன்றைத்தான் செய்கிறார்கள்: மீனைத் துரத்துகிறார்கள். சில நிமிடங்களில் அது அலுத்துவிடுகிறது. பிறகு சிலர் அசையாமல் நின்று பார்க்கிறார்கள். அப்போதுதான் வேறொன்று பிடிபடுகிறது. தன்னை நோக்கி வந்துகொண்டிருந்த மீன் ஏன் திடீரென்று வளைந்து போகிறது? நாலடி தள்ளி யாரோ ஒரு பையன் ஓடியிருப்பான். தன் காலருகே ஏன் இவ்வளவு இதழ்கள்? பக்கத்தில் ஒரு குடும்பமே கைகோத்து நிற்கிறது. காட்சியைச் செய்துகொண்டிருப்பது தான் மட்டுமில்லை என்று புரிந்தபின்தான் தலையைத் தூக்கி மற்றவர்களைப் பார்க்கிறார்கள்.

இந்தத் தலைதூக்கலைத்தான் டீம்லேப் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. தொஷியுகி இனொக்கோவும் நண்பர்களும் 2001இல் தொடங்கிய குழு அது. நிரலாளர்கள், பொறியாளர்கள், கணிதம் படித்தவர்கள், கட்டடக் கலைஞர்கள், அசைபடக் கலைஞர்கள் எல்லோரும் சேர்ந்து செய்கிறார்கள். படைப்பில் குழுவின் பெயர் மட்டுமே இருக்கும். இனொக்கோ பல மேடைகளில் வைக்கும் வாதம் எளிமையானது. இதுவரை கலையின் முன்னால் அடுத்த பார்வையாளர் ஓர் இடைஞ்சல். ஆளில்லாத அரங்கில் ஓர் ஓவியத்தைத் தனியாகப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றே எவரும் நினைப்பார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் மோனா லிசாவைப் பார்க்கப் போனவர்களைக் கேட்டால் ஓவியத்தைவிட முன்னால் நின்றவரின் பிடரியை நன்றாக விவரிப்பார்கள். ஆனால் பார்வையாளரின் உடம்பு படைப்பையே மாற்றுமானால், அடுத்தவரின் இருப்பும் அழகின் ஒரு பகுதியாகிவிடும். அவர் அங்கே இருப்பது நல்லதுதான் என்று தோன்றும். நகரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கியடித்து வாழ்கிற மனிதர்களுக்கு இந்த உணர்வு தேவை என்பது அவர்கள் கட்சி.

வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. டோக்கியோ போன்ற ஊரில், அலுவலக நேர ரயிலில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றும் கண்ணோடு கண் பார்க்காமல் இறங்கிப் போகும் மக்களிடையே, இப்படி ஒரு யோசனை பிறந்ததில் வியப்பில்லை. மக்களும் வரவேற்றிருக்கிறார்கள்: 2023 ஏப்ரலில் தொடங்கிய ஓராண்டில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிளானட்ஸுக்கு வந்தார்கள் என்பது கின்னஸ் பதிவு. ஒரே கலைக்குழுவின் படைப்புகள் மட்டும் உள்ள அருங்காட்சியகம் ஒன்றுக்கு அதுவே உலகில் மிக அதிகம்.

ஆனால் குளத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றால் ஒரு குறையும் தெரியத் தொடங்குகிறது. மீனைத் திருப்பியது அந்தப் பையன்தானா, அவனுக்குப் பின்னால் நின்ற பெண்ணா? சொல்ல முடியாது. கணினிக்கு இருவரும் நீரில் நிற்கும் இரண்டு தடைகள். பார்வையாளருக்கும் கொஞ்ச நேரத்தில் அப்படியே ஆகிவிடுகிறது. அடுத்தவர் அழகாகத்தான் தெரிகிறார், முகமில்லாமல். கூட்டம் இடைஞ்சலாக இருந்தது போய் அலங்காரமாகியிருக்கிறது. அது முன்னேற்றம்தான், உறவு என்று சொல்ல இன்னும் தூரம் இருக்கிறது. போதாததற்கு எல்லோர் கையிலும் செல்பேசி. இங்கே படமெடுக்கத் தடையில்லை. தலையைத் தூக்கியவர்களில் பாதிப் பேர் தூக்கியது திரையைப் பார்க்க.

இதே குழு வேறு இடங்களில் இதைவிட நுணுக்கமாக யோசித்திருக்கிறது. 2018 ஜூனில் ஒடைபா தீவில் அவர்கள் திறந்த 'பார்டர்லெஸ்' கூடத்தில் ஒரு விளக்குக் காடு இருந்தது. (முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 23 லட்சம் பேரைப் பார்த்த அந்தக் கூடம் 2022இல் மூடப்பட்டு, 2024 பிப்ரவரியில் நகருக்குள் அசாபுதாய் ஹில்ஸில் வேறு உருவில் திறந்தது.) விளக்குக் காட்டில் ஓடி ஆடினால் பயனில்லை. ஒரு விளக்கின் அருகில் அசையாமல் நிற்கவேண்டும். அது பளிச்சென்று எரிந்து ஓர் ஒலியெழுப்பும். பிறகு அந்த ஒளி பக்கத்து விளக்குக்குத் தாவி, அங்கிருந்து அடுத்ததற்குத் தாவி, எல்லா விளக்கையும் ஒரு முறை தொட்டுவிட்டு அடங்கும். வேறொரு மூலையிலிருந்து வேறு நிற ஒளி ஒன்று வந்து சேர்ந்தால், அங்கேயும் ஒருவர் இப்படி அசையாமல் நின்றிருக்கிறார் என்று பொருள். ஆளைத் தெரியாது, ஆனால் அவர் நின்றது தெரியும், ஒருவர்தான் என்பதும் தெரியும். குளத்தைவிட இதில் அடுத்தவர் கொஞ்சம் கூடுதலாகவே ஆளாகியிருந்தார்.

கருவி வழியாக இன்னொரு ஆளைத் தொடும் இந்த ஆசை ஜப்பானில் தொடங்கியதில்லை, இந்த நூற்றாண்டில் தொடங்கியதும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1970இல் மைரன் க்ரூகர் 'மெட்டாப்ளே' என்றொரு சோதனை செய்தார். ஓர் இடத்தில் பார்வையாளர், தொலைவில் இன்னொரு கட்டடத்தில் கணினியோடு கலைஞர். இருவரின் வீடியோ உருவங்களும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வேலைக்கு நடுவே ஒருவர் கையின் பிம்பம் மற்றவர் கையின் பிம்பத்தின்மேல் பட்டுவிட்டபோது, பட்டவர் சட்டென்று கையை விலக்கிக்கொண்டதை க்ரூகர் கவனித்தார். தொட்டது வெறும் படம். கூசியது கை. எழுபதுகளின் நடுவில் அவர் உருவாக்கிய 'வீடியோப்ளேஸ்' முழுவதும் இந்தக் கூச்சத்திலிருந்து வளர்ந்ததுதான்.

1998இல் கலைஞர் ஸ்காட் ஸ்னிப் செய்த ஒரு படைப்பு இன்னும் கறாரானது. தரையில் ஒரு வெற்றுப் பரப்பு. ஒருவர் ஏறி நின்றால் எதுவுமே நடக்காது. எவ்வளவு குதித்தாலும் நடக்காது. இரண்டாவது ஆள் ஏறினால்தான் இருவருக்கும் நட்டநடுவே ஒரு கோடு விழும். இவர் நகர்ந்தால் அதுவும் நகரும்; மூன்றாமவர் வந்தால் தரை மூன்றாகப் பிரியும். யாராலும் அடுத்தவரின் பங்குக்குள் கால்வைக்க முடியாது, ஏனென்றால் வைக்கப்போனால் கோடு பின்வாங்கிவிடும். ஒரு கேமரா, ஒரு புரொஜெக்டர், கொஞ்சம் வடிவியல், அவ்வளவுதான் கருவி. 'எல்லைச் சார்புகள்' என்று பொருள்படும் அதன் தலைப்பை ஸ்னிப் ஒரு கணித ஆய்வேட்டிலிருந்து எடுத்தார். அந்த ஆய்வேட்டை 1967இல் மிச்சிகனில் எழுதியவர் தியடோர் கசின்ஸ்கி. பின்னாளில் மனிதரையும் தொழில்நுட்பத்தையும் வெறுத்துக் காட்டுக்குள் தனியே குடிபோய், தபாலில் வெடிகுண்டு அனுப்பிய அதே ஆள். தனி ஆளுக்கு வேலையே செய்யாத ஒரு படைப்புக்கு அவரிடமிருந்து பெயர் எடுத்ததில் ஸ்னிப்பின் குறும்பும் இருக்கிறது, குத்தலும் இருக்கிறது.

டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் ஷின்கான்சென் அதிவேக ரயில் வலப்புற ஜன்னலில், வானம் ஒத்துழைத்தால், ஃபுஜி மலையைக் காட்டிவிட்டு இரண்டரை மணி நேரத்தில் ஷின்-ஒசாகாவில் நிறுத்துகிறது. அங்கே இறங்கி ஊரின் வடக்கே போனால், 1970ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சி நடந்த இடம் இப்போது பெரிய பூங்கா. தாரோ ஒகமொத்தோவின் 70 மீட்டர் உயர சூரியக் கோபுரம் இன்னும் கைகளை விரித்தபடி நிற்கிறது. அந்தக் கண்காட்சிக்கு ஆறு மாதத்தில் 6 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. அதில் இருந்த பெப்சி அரங்கின் சுவடு எதுவும் இன்று இல்லை. ஆனால் பார்வையாளரையும் பங்குபெறவைக்கும் ஊடாட்டக் கலையின் கதையை அந்த அரங்கைத் தவிர்த்துவிட்டுச் சொல்ல முடியாது.

கலைஞர்களையும் பொறியாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க 1966-67இல் நியூயார்க்கில் எழுந்த ஈ.ஏ.டி. என்ற அமைப்பு கட்டியது அது. பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி க்ளூவர் அதன் உயிர்நாடி. அரங்குக்குள்ளே கோளவடிவப் பிரம்மாண்டக் கண்ணாடி. அதன் வளைவு காரணமாக, உள்ளே நின்றவரின் பிம்பம் தலைகீழாக, தொட்டுவிடலாம் போல, காற்றில் தொங்கியது. பக்கத்தில் நிற்பவர் பார்க்கும் பிம்பமும் இவர் பார்க்கும் பிம்பமும் ஒன்றல்ல. ஆளுக்கு ஆள், அடிக்கு அடி வேறு. அதனால் பார்வையாளர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு 'இங்கே வந்து நில், தெரியும்' என்று காட்டவேண்டியிருந்தது. வெளியே ராபர்ட் பிரியர் செய்த வெள்ளைக் குவிமாடங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஊர்ந்தன; எதிலாவது முட்டினால் திசை மாறின.

இவற்றுக்கெல்லாம் மேலே மூடுபனி. அரங்கின் கூரையையே பனியால் மூடிய ஃபுஜிகோ நகாயாவுக்கு அப்போது 37 வயது இருக்கும். அவருடைய தந்தை உகிசிரோ நகாயா, 1936இல் ஆய்வகத்தில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்த இயற்பியலாளர். மகள் செய்த மூடுபனியில் ரசாயனம் எதுவும் இல்லை. வெறும் தண்ணீரை உயர் அழுத்தத்தில் நுண்துளைகள் வழியே பீய்ச்சினார். பெப்சிக்கும் கலைஞர்களுக்கும் செலவுக் கணக்கில் தகராறு வந்து, கலைஞர்கள் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் நகாயா மூடுபனியை விடவில்லை. அதற்குப் பின் அரை நூற்றாண்டு உலகெங்கும் அதையே செய்தார். அந்தப் பனிக்குள் போகிறவர்களுக்கு முதலில் நடப்பது ஒன்றுதான்: கூட வந்தவர் காணாமல் போகிறார். உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முகமே தெரியாத இடத்தில் பெயர் வாய்க்கு வந்துவிடுகிறது. டோக்கியோக் குளத்தில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அங்கே எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

ஒசாகாவிலிருந்து இன்னும் மேற்கே போய், ஒகயாமாவில் ஷின்கான்சென்னை விட்டு இறங்கி, சிறிய ரயிலில் ஊனோ துறைமுகம். அங்கிருந்து படகில் 20 நிமிடத்தில் நவொஷிமா. செத்தோ உள்கடலின் நடுவே ஏறத்தாழ 3,000 பேர் வாழும் தீவு. வடக்குப் பக்கம் 1917 முதல் புகைந்த மித்சுபிஷி உருக்காலை; தெற்குப் பக்கம் 1992 முதல் வளர்ந்த கலைத்தீவு. பெனெஸ்ஸே நிறுவனத்தின் சொய்சிரோ ஃபுகுதாகே பணம் போட, தடாவோ அண்டோ கான்கிரீட்டில் அருங்காட்சியகங்கள் கட்ட, உலகமே இங்கே வரத் தொடங்கியது. துறையில் இறங்கியதும் யயோய் குசாமாவின் சிவப்புப் பூசணி நிற்கிறது. எல்லோரும் அதனோடு படமெடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும். இதன்பின் போகும் இடத்தில் கேமராவை வெளியே எடுக்க முடியாது.

தீவின் கிழக்கே ஹொன்முரா என்ற பழைய ஊர். கரியாக்கிய மரப்பலகைச் சுவர்களும் ஓட்டுக்கூரைகளும் கொண்ட குறுகிய தெருக்கள். இங்கே ஆளில்லாமல் விடப்பட்ட வீடுகளைக் கலைஞர்களிடம் கொடுக்கும் திட்டம் 1998இல் தொடங்கியது. முதல் வீடு 'கதோயா', ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமை. வாசலில் அதே காலணி கழற்றல். உள்ளே போனால் இருட்டு. கண் பழகியதும் தெரிகிறது: தரை இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாக எண்கள். ஒவ்வொன்றும் 1, 2, 3 என்று 9 வரை எண்ணி, ஒரு கணம் அணைந்து, மீண்டும் 1. பூஜ்யம் வராது. அதைச் செய்த தத்சுவோ மியாஜிமாவின் எந்தப் படைப்பிலும் பூஜ்யம் எழுத்தாக வராது. அதன் இடத்தில் இருள் வரும். மாறிக்கொண்டே இருப்பது, எல்லாவற்றோடும் தொடர்புகொள்வது, என்றும் தொடர்வது என மூன்று கொள்கைகளை அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். எண்ணிக் காட்டும் எல்இடி கருவி அன்றைய கடைத்தெருவில் கிடைத்த சாதாரணச் சங்கதி. டோக்கியோவின் புரொஜெக்டர்களுக்குப் பக்கத்தில் வைத்தால் பொம்மை.

நீரில் இருக்கும் எண்கருவிகள் 125. சில பரபரவென்று ஓடுகின்றன. சில, செத்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு மெதுவாக, ஒரு எண்ணிலிருந்து அடுத்ததற்கு நகர்கின்றன. இந்த வேகங்களை மியாஜிமா முடிவுசெய்யவில்லை. ஊர்க்காரர்கள் 125 பேரைக் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு கருவி. எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்று அவரவரே வைத்தார்கள். அவர்களில் சிறியவருக்கு 5 வயது. பெரியவருக்கு 95.

இதைக் கேட்டபின் அந்த நீரைப் பார்ப்பது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஓரத்தில் நிற்பவர் தன்னையறியாமல் கணக்குப் போடுகிறார். அந்த ஐந்து வயதுக் குழந்தை இன்று முப்பதைத் தாண்டியிருக்கும். வேலை தேடி ஒசாகாவுக்கோ டோக்கியோவுக்கோ போயிருக்கவும் கூடும். 95 வயதுக்காரர் நிச்சயம் இல்லை. அவர் வைத்த வேகம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதோ அந்த ஊரும் எண் அவருடையதா? அல்லது அவர்தான் விளையாட்டாக மிக வேகமாக வைத்துவிட்டுச் சிரித்தாரா?

இங்கே பார்வையாளர் என்ன செய்தாலும் ஓர் எண்ணும் மாறாது. கை தட்டினாலும் மாறாது, அசையாமல் நின்றாலும் மாறாது. கறாராகப் பார்த்தால் இது ஊடாட்டக் கலையே இல்லை என்று யாராவது சொல்லலாம். ஊடாட்டம் 1998இலேயே முடிந்துவிட்டது, அதுவும் வெளியூர்க்காரர் இல்லாதபோது, ஊர்க்காரர்களுக்குள். ஆனாலும் குளத்தில் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது. குளத்தில் அடுத்தவர் கண்முன் இருந்தும் ஆளாகத் தெரியவில்லை. இங்கே ஆளே இல்லை. 125 ஆட்கள் தெரிகிறார்கள். தன்னிடம் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்பதைவிட, இன்னொருவர் கருவியிடம் என்ன செய்தார் என்று பார்ப்பது ஏன் இவ்வளவு நேரம் பிடித்து நிறுத்துகிறது என்பதை டீம்லேப்காரர்களும் ஒரு நாள் இங்கே வந்து உட்கார்ந்து யோசிக்கலாம்.

மியாஜிமா இந்த முறையைப் பின்பு பெரிதாக்கினார். 2011 நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் மாண்டவர்களின் நினைவாக, 3,000 பேரிடம் வேகம் கேட்டு 3,000 எண்கருவிகளை நீரில் வைக்கும் திட்டம் அவருடையது. வேகத்தை வைக்கும்போது பலர் இழந்த ஒருவரை நினைத்து வைப்பது இயல்புதான். கருவியைத் திருகும் அந்தச் சில நொடிகள்தான் அந்தக் கலை. மிச்சமெல்லாம் அதன் தடம்.

கதோயா உருவான அதே 1998இல் பிரான்ஸில் நிக்கோலா பூரியோ என்ற விமர்சகர் உறவுநிலை அழகியல் பற்றி ஒரு நூல் எழுதினார். கலை என்பது பொருள் அல்ல, மனிதர் சந்திக்கும் சூழ்நிலை என்றார். கலையுலகம் பத்தாண்டுகள் அதையே பேசியது. 2004இல் க்ளேர் பிஷப் என்ற இன்னொரு விமர்சகர் மறித்துக் கேட்டார்: எல்லோரும் இனிமையாகச் சந்தித்துக்கொள்கிறார்கள், சரி, யார் யாரைச் சந்திக்கிறார்கள்? ஒத்த கருத்துள்ளவர்கள் கூடிக் களிப்பது மட்டுமே உறவா? இந்தச் சர்ச்சையைப் படிக்காதவர்களுக்கும் அந்தக் கேள்வியின் கனம் அடுத்த தீவில் தெரிந்துவிடும்.

நவொஷிமாவிலிருந்து சிறு படகில் தெஷிமா அரை மணிக்கும் குறைவு. ஆயிரத்துக்கும் குறைவானவர்கள் வாழும் தீவு. பெயரைக் கேட்டால் நடுவயது ஜப்பானியர்களுக்கு முதலில் கலை நினைவுக்கு வராது, குப்பை நினைவுக்கு வரும். எழுபதுகளின் பின்பகுதியிலிருந்து 1990 வரை ஒரு நிறுவனம் தீவின் மேற்கு முனையில் தொழிற்சாலைக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டி எரித்தது. தீவுக்காரர்கள் பல ஆண்டுகள் போராடி 2000இல் அரசிடம் உடன்பாடு பெற்றார்கள். ஏறத்தாழ 9 லட்சம் டன் கழிவும் மாசுபட்ட மண்ணும் கப்பலில் ஏற்றிச் சுத்திகரிக்கப்பட்டது எங்கே? பக்கத்து நவொஷிமாவில். 2017 வரை ஓடிய வேலை அது. இன்று கலைப்பயணிகள் போய்வரும் அதே கடல்வழியில் அந்தக் கப்பல்களும் போய்வந்தன. இரண்டு தீவுகளின் உறவு அழகியலில் தொடங்கவில்லை.

இயூரா துறையில் மின்சார சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. மின்சாரம் என்றாலும் மேடு மேடுதான். உச்சியைத் தாண்டியதும் கரதோவின் படிவயல்கள் கடலை நோக்கி இறங்குகின்றன. நடுவில் ரே நைத்தோவும் ரியூவே நிஷிசாவாவும் 2010இல் செய்த வெள்ளைக் கூடு. அதன் தரையிலிருந்து நீர்த்துளிகள் ஊறி, ஓடி, ஒன்றோடொன்று சேர்கின்றன. அது ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம். இறங்கிப் போய், கரதோ துறையைத் தாண்டி, கடற்கரையோரமாக நடந்தால் சிறிய, கரிய கட்டடம் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் மீனவர் சாமான் வைக்கும் கொட்டகை என்றே நினைக்கத் தோன்றும். உள்ளே வெள்ளை மேலங்கி அணிந்த பணியாளர், மருத்துவமனை வரவேற்பறைபோல.

பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கியின் இதய ஆவணக்காப்பகம் இது. 2008 முதல் உலகின் பல ஊர்களில் மக்களின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்து சேர்த்தார். 2010இல் அவற்றுக்கு இங்கே வீடு கிடைத்தது. பாரிஸ் விடுதலையடைந்த 1944இல் பிறந்தவர் அவர். யூதரான அவருடைய தந்தை, நாஜி ஆக்கிரமிப்பின்போது சொந்த வீட்டின் தரைப்பலகைக்கு அடியில் ஒளிந்து உயிர்தப்பிய மருத்துவர். வாழ்நாள் முழுவதும் பெயர்களையும் புகைப்படங்களையும் பழைய உடைகளையும் சேர்த்து, காணாமற்போனவர்களைப் பற்றியே படைத்த ஒருவர் கடைசியில் இதயத்தில் வந்து நின்றதில் ஆச்சரியமில்லை. 2021 ஜூலையில் அவர் இறந்தார்.

இதய அறை ஒரு நீண்ட இருட்டு. நடுவில் ஒரே ஒரு குண்டு பல்ப். யாரோ ஒருவரின் துடிப்பு, நெஞ்சுக்கூட்டையே அதிரவைக்கும் ஒலியில் அறையை நிரப்புகிறது. அதற்கேற்ப பல்ப் எரிந்து அணைகிறது. கொஞ்ச நேரத்தில் ஆள் மாறுகிறார். ஒரு துடிப்பு தடதடவென்று. ஒன்று நீரில் மூழ்கியதுபோல. ஒன்று நடுவில் தயங்குவதுபோல. கூட நின்றவர்கள் தங்கள் நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பதுண்டு. பல்ப் எரியும் நேரத்தில் மட்டும் அவர்கள் முகம் தெரியும்.

மெக்சிகோவில் பிறந்த ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2006இல் செய்த துடிப்பறையை இதோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. அங்கே நூற்றுக்கணக்கான பல்புகள். பார்வையாளர் ஒரு கைப்பிடியைப் பிடித்தால், அவர் துடிப்பு அருகிலுள்ள பல்பில் ஏறும். அடுத்தவர் பிடித்ததும் இவருடையது ஒரு பல்பு தள்ளிப் போகும். அப்படியே தள்ளித் தள்ளி, வரிசையின் கடைசியில் இருப்பவர் வெளியேறிவிடுவார். எத்தனை பேர் வந்தாலும் ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான் இடம். போல்தான்ஸ்கி யாரையும் வெளியேற்றவில்லை. அதனாலேயே அவருடையது ஆண்டுக்காண்டு கனக்கிறது: பதிவானவர்களில் இறந்தவர்களின் பங்கு கூடிக்கொண்டேதான் போகும். ஒரு நாள் இது முழுக்க இறந்தவர்களின் காப்பகமாகிவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். மக்கள் தங்கள் மனிதரின் துடிப்பைக் கேட்க யாத்திரையாக இங்கே வருவார்கள் என்றும் எதிர்பார்த்தார்.

கடலைப் பார்த்த ஜன்னலருகே கேட்பறை. கணினியில் பதிவான ஊரையோ பெயரையோ தேடி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதைவிட எளிமையானது கிடையாது. ஒரு பட்டியல், ஒரு ஒலிக்கோப்பு. இங்கே உட்கார்ந்து நாலைந்து பேரைக் கேட்டவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்துவிடும்: இதயங்கள் ஒன்றுபோலத்தான் ஒலிக்கின்றன. மருத்துவர் வேண்டுமானால் வேறுபாடு சொல்லலாம். மற்றவர்களை அசைப்பது ஒலி இல்லை, ஒலிக்குப் பக்கத்தில் திரையில் இருக்கும் பெயரும் ஊரும். இருட்டறையில் யாரென்று தெரியாமல் கேட்டபோது வெறும் அதிர்வாக இருந்தது, இங்கே ஒரு பெயரோடு வந்ததும் ஒரு மனிதராகிவிடுகிறது. மியாஜிமா பெயர் சொல்லவில்லை, வயதை மட்டும் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது. டோக்கியோக் குளம் அந்த ஒன்றையும் சொல்லவில்லை.

மூன்றாவது அறையில் வருகிறவர்கள் தங்கள் துடிப்பையும் பதிவுசெய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் உண்டு. கருவியை நெஞ்சில் தாமே வைத்து, பேசாமல் இருந்தால் போதும். பெயரையும் விரும்பினால் ஒரு சிறு செய்தியையும் சேர்க்கலாம். ஜோடியாக வந்தவர்களில் ஒருவர் உள்ளே போக, மற்றவர் வெளியே கடற்கரையில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு காத்திருப்பார். பதிவுசெய்ய நினைப்பவர்கள் வந்ததும் வராததுமாக உள்ளே போகாமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போவது நல்லது. இல்லாவிட்டால் இயூராவிலிருந்து மேடேறி சைக்கிள் மிதித்து வந்த படபடப்புதான் அவர் பெயரில் காப்பகத்தில் இருக்கும்.